ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது: பயத்தைப் பற்றி பனியன் மாற்றிச் சொன்னது

நவம்பர் வந்தால் எங்கள் வீட்டில் டிவி சத்தம் கூடிவிடும். செம்பரம்பாக்கத்தில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏரியின் முழு ஆழம் 24 அடி. இருபது, இருபத்தொன்று வரைக்கும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 22-ஐத் தொட்டதும் கரைமேல் மைக் பிடித்த நிருபர்கள் வந்து நிற்பார்கள். அம்மா சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்காருவாள்.

2015 டிசம்பர் 1 இரவு நாங்கள் அனகாபுத்தூரில் அடையாற்றுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அன்று இந்த ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்துவிட்டதாகப் பிறகு பேப்பரில் படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தண்ணீர் படியேறி வருகிறது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் விடியும்வரை நின்றோம். ஏரி உடைந்துவிட்டது என்ற வதந்தி அங்கேயும் வந்து சேர்ந்தது. சில வருஷம் கழித்து, வாடகை குறைவு என்று, அந்த ஏரிக்கரைக்குக் கீழேயே வந்து குடியேறினோம். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம், அம்மாவைத் தவிர.

இந்தக் குறிப்பு ஏரியைப் பற்றியது அல்ல. அம்மா போகிற சபையில் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஒரு பிரசங்கம் நடந்தது. பெருமை, பயம், கவலை, மூன்றையும் விசுவாசத்தால் ஜெயிப்பது எப்படி என்பது தலைப்பு. இரண்டாவது ஞாயிறு முடிந்ததும் யாரோ அம்மாவிடம், "சிஸ்டர், பயம்னா அவிசுவாசம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் ஏரி எவ்வளவு என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். டிவி ஓடும், பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பாள். பயம் போகவில்லை. சொல்வது மட்டும் நின்றுபோனது.

எனக்கு இது உறுத்தியது. பிரசங்கத்தில் உதாரணமாக வந்தது மோட்சப் பிரயாணம், அதாவது ஜான் பனியன் எழுதிய 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்'. அதை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை இரண்டு பாகங்களையும். அங்கேதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

முதல் பாகம் 1678-இல் வந்தது. கிறிஸ்தியான் முதுகில் சுமையோடு நாச நகரத்தை விட்டுக் கிளம்பி, சேற்றில் விழுந்து, மலையேறி, சண்டை போட்டு, சிறைப்பட்டு, கடைசியில் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறான். அக்கரையில் வான நகரம். பாலம் கிடையாது. ஆழம் எவ்வளவு என்று கேட்கிறான். கூட வந்தவர்கள் சொல்லும் பதிலின் சாரம் இது: அந்த ஊர் ராஜாவின்மேல் உனக்கு எவ்வளவு நம்பிக்கையோ, அதைப் பொறுத்து ஆழம் கூடும், குறையும். கிறிஸ்தியான் இறங்குகிறான். மூழ்குகிறான். திகில் பிடித்து ஆட்டுகிறது. உடன் வந்த 'நம்பிக்கை' என்பவன்தான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிறான்.

பிரசங்கத்தின் கணக்கு இதுதான். விசுவாசம் கூடினால் தண்ணீர் இறங்கும். தண்ணீர் ஏறினால் விசுவாசம் குறைவு. மொட்டை மாடியில் நின்றவளிடம் சொல்ல வேண்டிய சூத்திரமா இது?

ஆனால் பனியன் அத்தோடு நிறுத்தவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1684-இல், இரண்டாம் பாகம் எழுதினார். கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும் அதே வழியில் போகிற கதை. முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இதைப் படித்திருப்பது அபூர்வம் என்பது என் அனுபவம். அதில் வழிகாட்டியாக வருகிற வீரர், முன்பொரு நாள் தான் கூட்டிக்கொண்டு போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். பெயர் மிஸ்டர் ஃபியரிங். இங்கே 'பயப்படுவார்' என்று வைத்துக்கொள்கிறேன்.

இவர் சேற்றங்கரையில் ஒரு மாதத்துக்கு மேல் ஓலமிட்டுக்கொண்டு கிடந்தார். திரும்பியும் போகவில்லை, தாண்டவும் இல்லை. ஒருநாள் எப்படியோ தாண்டிவிட்டார். தாண்டியதை அவரே நம்பவில்லை. அடுத்து வாசலுக்கு வந்தார். தட்டத் தைரியமில்லை. மற்றவர்களை முன்னே விட்டுவிட்டுக் குளிரில் ஒதுங்கி நின்றார். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. ஏனென்றால் இந்த ஆள் சிங்கங்களுக்குப் பயப்படவில்லை. செங்குத்தான மலைக்கும் பயப்படவில்லை. மாயச் சந்தையில் ஊரோடு சண்டைக்கே போகப் பார்த்தார். அவருடைய பயம் ஒன்றே ஒன்று: கடைசியில் ராஜா என்னைச் சேர்த்துக்கொள்வாரா?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்க நான்கு காரணம் சொல்லியிருக்கிறது: தெய்வமோ பேயோ போன்றவை, விலங்கு, கள்வர், அப்புறம் தம் இறை, அதாவது தன் அரசன். பயப்படுவாருக்கு முதல் மூன்றும் இல்லை. நாலாவது மட்டும்தான். இவரைக் கோழை என்று சொல்ல வாய் வருமா? (அதே பட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக 'பெருமித'மும் உண்டு, நல்ல அர்த்தத்தில். குறளில் 'பெருமை' ஓர் அதிகாரமே. பிரசங்கத் தமிழில் மட்டும் அந்தச் சொல் முழுக்கப் பாவமாகிவிட்டது. அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.)

பெருமை பற்றிப் பனியன் சொல்வதும் இவரை வைத்துத்தான் தெளிவாகிறது. தாழ்மைப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். முதல் பாகத்தில் அங்கேதான் கிறிஸ்தியான் அப்பொல்லியோன் என்ற அரக்கனோடு உயிர்போகச் சண்டை போட்டான். நாமெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கே பயங்கரமான இடம் என்று நினைத்திருப்போம். இரண்டாம் பாகம் அதை மறுக்கிறது. இடம் செழிப்பானது, மேய்ச்சல் நிலம். கிறிஸ்தியான் இறங்கும்போது சறுக்கியதால்தான் அந்தச் சண்டை என்கிறது. அதே பள்ளத்தாக்கில் பயப்படுவார் எப்படி இருந்தார் தெரியுமா? பயணத்திலேயே அவர் மிகச் சந்தோஷமாக இருந்தது அங்கேதான். தரையைக் கட்டிக்கொண்டு கிடந்தார், பூக்களை முத்தமிட்டார். மேலே நிற்கப் பழகியவனுக்குத்தான் இறக்கம் வலிக்கிறது. இவர் எப்போது மேலே இருந்தார்?

கடைசியில் ஆறு. முதல் பாகத்துச் சூத்திரப்படி பார்த்தால் இவருக்கு அது கடலாக இருந்திருக்க வேண்டும். நம்பிக்கையில் இவரைவிட ஏழை அந்தப் புத்தகத்தில் கிடையாது. கரையில் நின்று, இப்போது நிச்சயம் மூழ்கிவிடுவேன் என்று புலம்புகிறார். ஆனால் வழிகாட்டி, அந்த ஆற்றில் அவ்வளவு குறைவான தண்ணீரைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்கிறார். பயப்படுவார் ஏறக்குறையக் கால் மட்டும் நனைய அக்கரை போய்ச் சேர்ந்தார்.

இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, பாருங்கள். 1678-இல் போட்ட விதியை 1684-இல் அவரே உடைக்கிறார். கவனக்குறைவு என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் பாகத்திலேயே சுலபமாக ஆறு கடந்த இன்னொருவன் உண்டு: 'அறியாமை'. வழி முழுக்கத் தன்னைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாதவன். 'வீண் நம்பிக்கை' என்ற படகோட்டி அவனை நனையாமல் அக்கரை சேர்க்கிறான். ஆனால் நகர வாசலில் காட்ட வேண்டிய சீட்டு அவனிடம் இல்லை. கை காலைக் கட்டி வெளியே தள்ளிவிடுகிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு காட்சி வைத்தது கொடூரம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் கவலையே இல்லாத ஆள் வெளியே நிற்கிறான், நடுங்கியே வந்தவர் உள்ளே இருக்கிறார் என்பதை மறைக்க முடியாது.

பனியனுக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிற தொழில் செய்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660-இல் பிடித்து, பெட்ஃபோர்ட் சிறையில் சுமார் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தார்கள். பார்வையில்லாத மகள் வெளியே. அங்கிருந்து அவர் எழுதி 1666-இல் வந்த தன்வரலாற்றில் ஓர் இடம் உண்டு: தூக்குமேடை ஏணியில் முகம் வெளிறி, முழங்கால் ஆடி, பார்க்கிறவர்கள் முன் அசிங்கமாகிவிடுமோ என்று பயந்திருக்கிறார். கவனியுங்கள். பயத்துக்குள்ளே பெருமை எப்படி உட்கார்ந்திருக்கிறது! சாவைவிட, நடுங்குவது தெரிந்துவிடுமே என்பதுதான் பயம். அதற்கு அவர் கண்ட முடிவும் வெற்றி அல்ல. ஆறுதல் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு குதிப்பேன் என்றார். "பயத்தை ஜெயித்துவிட்டேன்" என்று மைக்கில் சாட்சி சொல்கிறவர்கள் இதை ஒருதரம் படிக்கலாம்.

தமிழில் என்ன நடந்தது? நம்மிடம் இந்தக் கதை மிகப் பெரிய உருவத்தில் வந்தது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை மூலமாக. பாளையங்கோட்டைப் பக்கம் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் தொடராக வந்து, 1894-இல் நூலானது. ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். கம்பனை ஊறப்போட்ட தமிழ். சும்மா சொல்லக்கூடாது, குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லுமிடம் எந்தக் காப்பியத்துக்கும் குறைந்ததில்லை.

ஆனால் அவர் எடுத்துக்கொண்டது முதல் பாகத்துக் கதை. காப்பிய இலக்கணம் வேறு குறுக்கே நிற்கிறது. தண்டியலங்காரம் கேட்பது தன்னிகரில்லாத தலைவனை. பனியனின் கிறிஸ்தியான் கந்தல் கட்டியவன். விருத்தத்தில் ஏறியதும் அவன் நிமிர்ந்துவிடுகிறான். பயப்படுவார் போன்ற ஒருவர் அங்கே நிற்கவே இடமில்லை. ஆக, நமக்கு வந்தது சூத்திரம். அதன் திருத்தம் வந்து சேரவில்லை. இது கிருஷ்ணபிள்ளையின் குற்றம் அல்ல, அவர் தேர்ந்த வடிவத்தின் விலை. அவருக்கே அது போதவில்லையோ என்றும் தோன்றுகிறது. காப்பியத்தின் நடுநடுவே தேவாரம் என்ற பெயரில் கதையை நிறுத்திவிட்டுப் பாடுகிறாரே, அங்கே தலைவன் இல்லை. கெஞ்சுகிற ஒரு குரல்தான் இருக்கிறது. காப்பியம் புலவர்களிடம் தங்கிவிட, சபைகளில் பாட்டாக இறங்கியது அந்தப் பகுதிதான். ஆச்சரியமில்லை.

பிரசங்கத்துக்குத் திரும்புகிறேன். மூன்றையும் ஒன்றாகக் கட்டியது சரிதான், கட்டிய விதம்தான் தப்பு. காலண்டரிலும் வாக்குத்தத்த அட்டையிலும் நாம் எல்லோரும் பார்க்கிற வசனம் 1 பேதுரு 5:7, கவலையையெல்லாம் அவர்மேல் வைத்துவிடச் சொல்வது. அதற்கு முந்தின ஆறாம் வசனம் தேவனுடைய கைக்குள் அடங்கியிருக்கச் சொல்கிறது. தமிழ் வேதாகமத்தில் நடுவில் முற்றுப்புள்ளி, இரண்டு கட்டளைகள். கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். கட்டளை 'தாழ்ந்திருங்கள்' என்பது மட்டும். 'வைத்துவிட்டு' என்பது அதோடு சேர்ந்த எச்சம். கவலையை இறக்கி வைப்பதுதான் தாழ்மை எடுக்கிற உருவம் என்றே நான் வாசிக்கிறேன். நான் டிவி முன்னால் உட்காராவிட்டால் ஏரி உடைந்துவிடும் என்கிற மாதிரி ஒரு சின்னக் கர்வம் நம் கவலைக்குள் இருக்கிறது அல்லவா, அதை இறக்குவது. சொந்த பலத்தில் பயத்தை அடித்துத் துரத்துவது வேறு காரியம். அது ஆறாம் வசனத்துக்கே எதிர்த் திசை.

இன்னொன்று. அந்த வசனத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கடவுளுக்குப் போட்ட சொல் 'விசாரிக்கிறவர்'. விசாரம் என்றால் கவலையும்தான். நம் விசாரத்தை வாங்கி அவர் விசாரிக்கிறார். கிரேக்கத்தில் கவலைக்கும் அக்கறைக்கும் வேறு வேறு வேர்ச்சொற்கள். தமிழில்தான் இப்படி ஒன்றுக்குள் ஒன்று கேட்கிறது.

(தூக்கமும் சாப்பாடும் போகிற அளவுக்குப் பதற்றம் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அது அவிசுவாசமும் இல்லை, மேலே சொன்ன எதற்கும் எதிரும் இல்லை.)

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த ஆளின் கதையை மட்டும், ஒரு மழை ராத்திரி, கரண்ட் போனபோது சொன்னேன். சேற்றங்கரையில் ஒரு மாதம் கிடந்ததைக் கேட்டு, "பாவம்" என்றாள். பூவை முத்தமிட்டதற்குச் சிரித்தாள்.

"கடைசில பயம் போயிடுச்சா அவருக்கு?"

"இல்லம்மா. பயந்துகிட்டேதான் எறங்கினார். தண்ணி கம்மியா இருந்துச்சு."

"யாரு கொறச்சாங்க?"

"அத எழுதல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. கரண்ட் வந்தது, டிவி தானாக ஓட ஆரம்பித்தது. "என்னடா, இன்னிக்கு எவ்ளோ அடியாம்?" என்று கேட்டாள். பல மாதம் கழித்து.

21.3 என்றேன்.