புளூட்டாக்கின் கிராக்கஸ் சகோதரர்

சேக்ஸ்பியரின் உரோம நாடகங்கள் வாயிலாகவே புளூட்டாக்கை அறிந்தவர் நம்மிற் பலர். 1579ஆம் ஆண்டில் தோமஸ் நோர்த் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பே அந்நாடகாசிரியருக்குச் சீசரையும் அந்தோனியையும் கொரியோலேனசையும் வழங்கிற்று. இதனால் புளூட்டாக்கின் நூல் மாவீரர்தம் குணச்சித்திரக் கூடமாகவே கருதப்படலாயிற்று. அதற்கு அவரும் இடந்தந்துள்ளார். தாம் எழுதுவது வரலாறன்று, வாழ்க்கையே என்றும், பெரும் போர்களிலும் பார்க்கச் சிறு சொல்லும் நகையுமே ஒருவனது இயல்பைப் புலப்படுத்தும் என்றும் அலெக்சாந்தர் சரிதையின் தோற்றுவாயிற் கூறுகின்றார்.

இக்கொள்கை எத்துணை தூரம் செல்லும் என்பதை அறிய, அதிகம் பேசப்படாத பகுதியொன்றை நோக்குதல் தகும். ஸ்பாட்டா மன்னரான ஏகிஸ், கிளியோமெனிஸ் ஆகியோரை உரோமரான தைபீரியஸ் கிராக்கஸ், கையஸ் கிராக்கஸ் என்னும் சகோதரரோடு இணைத்துக் கூறும் பகுதி அது. நால்வரும் நிலச் சீர்திருத்தத்தை முன்வைத்தவர். நால்வரும் இயற்கை மரணம் எய்தாதவர். புகழை நாடுவோர் முகிலைத் தழுவிய இக்சியோனை ஒப்பர் எனத் தொடங்கும் புளூட்டாக், கிராக்கஸ் சகோதரரை அழித்தது புகழாசை என்பதிலும் பார்க்கப் புகழிழத்தற்கு அஞ்சியமையே என வேறுபடுத்துகின்றார். நுண்ணிய வேறுபாடுதான். ஆயினும் காரணம் தனிமனித உள்ளத்தினுள்ளேயே நின்றுவிடுகின்றது.

ஆனால் கதை வேறொன்றைக் கூறுகின்றது. தைபீரியஸ் நிலச்சட்டத்தைக் கொணர்ந்தமைக்கு ஆசிரியர்தம் தூண்டுதல், தாய் கொர்னீலியாவின் இடித்துரை, போட்டியாளன் ஒருவனை விஞ்சும் வேட்கை எனப் பல காரணங்களை அடுக்கியபின், கையஸ் எழுதிய நூலொன்றிலிருந்து புளூட்டாக் ஒரு செய்தியை எடுத்துத் தருகின்றார். நுமன்சியாவுக்குச் செல்லும் வழியில், எற்றூரியாவிற் குடிகள் அருகியிருந்ததையும், பிறநாட்டு அடிமைகளே உழுதும் மந்தை மேய்த்தும் நின்றதையும் தைபீரியஸ் கண்டான் என்பதே அது. எல்லாவற்றினும் மேலாக அவனைத் தூண்டியவர் மக்களே என்றும் கூறுகின்றார். பொதுநிலத்தை ஏழைகளுக்கு மீட்டுத் தருமாறு மண்டபங்களிலும் சுவர்களிலும் நினைவுச் சின்னங்களிலும் அவர்கள் எழுதிவைத்தனராம். தலைவர் வாழ்க்கையை எழுத வந்தவர் இப்பெயரிலிகளை விட்டுவிடாதது அவர்தம் நேர்மை. அவர்களைக் கொண்டு தம் கொள்கையைத் திருத்திக்கொள்ளாதது அவர்தம் எல்லை.

ஏகிசின் சரிதையில் இது இன்னும் துலக்கம். கடன் பத்திரங்கள் சந்தைவெளியில் எரிக்கப்பட்டபோது, இதனினும் ஒளிமிக்க சுடரைத் தான் கண்டதில்லை என மகிழ்ந்தான் அரசனின் தாய்மாமன் ஏஜெசிலாவஸ். பெருநிலமும் பெருங்கடனும் உடையவன் அவன். கடன் தொலைந்ததும் நிலப்பங்கீட்டைத் தட்டிக் கழித்தான். சிறு சொல் ஒருவனது இயல்பைக் காட்டும் என்றாரல்லவா? இச்சிறு சொல் ஒரு வர்க்கத்தின் இயல்பையே காட்டிவிடுகின்றது.

இத்துணையும் எழுதியவர், முடிவில் வரும் ஒப்பீட்டில், அறத்தில் தைபீரியஸ் முதல்வன், பிழை குறைந்தவன் ஏகிஸ், செயலிற் கையஸ் கிளியோமெனிசுக்குப் பிற்பட்டவன் எனப் புள்ளியிடும் பரீட்சகராகிவிடுவது ஏமாற்றமே. கி.மு. 133இல் தைபீரியசோடு முந்நூற்றுக்கு மேற்பட்டோர் தடியாலும் கல்லாலும் அடியுண்டு மாண்டதை விவரித்த கை, அவர்களை ஒப்பீட்டிற் சேர்க்கவில்லை.

கி.மு. 121இற் கையசும் மடிந்தபின், கொன்சல் பதவியிலிருந்த ஒப்பீமியஸ் ஒற்றுமைத் தெய்வத்துக்குக் கோயிலெடுத்தான். அதன் கல்வெட்டின் கீழ், அக்கோயில் பிளவின் படைப்பே என ஏளனஞ் செய்யும் வரியொன்றை யாரோ இரவோடிரவாகப் பொறித்துச் சென்றனர். இதனைப் பதிந்து வைத்தவரும் புளூட்டாக்கே.