குடுமியும் சுருட்டை முடியும்: கால்டுவெல்லின் ஒரு கட்டுரையை மீண்டும் வாசித்தல்

இராபர்ட் கால்டுவெல் என்றதும் நம் இறையியல் மாணவர் நினைவில் முன்னிற்பது 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே. 1841இல் இடையன்குடியில் குடியேறி, 1891இல் மறையும்வரை நெல்லைச் சீமையோடு வாழ்ந்த அவ்வறிஞர் தலைமயிரைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார் என்பதைச் சிலரே அறிவர். 1867இல் ஆங்கிலத்தில் சிறுநூலாக அச்சேறி, 1875இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ என்னும் ஆய்விதழிலும் இடம்பெற்ற அக்கட்டுரையின் பொருள் குடுமி. பழம்பொருள் ஆய்வாளருக்கே உரிய செய்தி என நாமும் அதனை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தோம். பள்ளி விடுதி ஒன்றில் நேர்ந்த நிகழ்ச்சியே அதனை மீண்டும் எடுத்துப் படிக்கச் செய்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அக்காலத்து ஐரோப்பிய மிஷனெரிமாருள் சிலர், குடுமி இந்து சமயச் சின்னம்; ஆகவே மிஷன் ஊழியத்தில் அமர்ந்தோர் அதனைக் கத்தரித்துவிட வேண்டும் என வற்புறுத்தலாயினர். உபதேசியாரின் பிழைப்பும் பள்ளி ஆசிரியரின் பிழைப்பும் ஒரு கற்றை மயிரைச் சார்ந்து நின்ற காலம் அது. கால்டுவெல் இக்கருத்தை ஏற்கவில்லை. குடுமி சமூக வழக்கமேயன்றிச் சமய முத்திரையன்று என்பது அவருடைய வாதம். அவர் காட்டும் சான்றுகளுள் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது நாடார் மக்களைப் பற்றியது. (அச்சமூகத்தாரை அவர் இன்று வழக்கொழிந்த பழம்பெயரால் குறிப்பிடுகிறார்.) கிறிஸ்தவராகாத நாடாருள் பெரும்பாலோர் முடியை நீள வளர்த்திருந்தனர். அவர்களுள் குடுமிக்கு மாறிய செல்வர் சிலருக்கும் கோவிற் கதவு திறக்கவில்லை. கிறிஸ்தவரான நாடாரிலோ பெரும்பகுதியினர் கிறிஸ்து மார்க்கத்தோடு குடுமியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டனர். கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனும் குடுமி வைத்திருக்கிறான். ஆலயத்துக்குள் முழங்காற்படியிட்டவனும் குடுமி வைத்திருக்கிறான். இதனை எங்ஙனம் விக்கிரக வணக்கத்தின் அடையாளம் என்பது?

வாதம் வலிமையுடையது. தீர்ப்பளிக்கும் முன் மக்களைக் கண்ணெடுத்துப் பார்த்தவரின் வாதம் அது. அவரைக் குறை கூறுவோர் இதனை மறத்தல் ஆகாது. நாடார்க்கு மறுக்கப்பட்ட கோவில் நுழைவைப் பற்றி அவர் கூறுவது இன்னும் கூர்மையானது. அவர்களை வெளியே நிறுத்தியது நீண்ட முடியன்று, சாதியே என்கிறார். முடி என்பது சாக்குப்போக்கு. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆயினும் இதே ஆசிரியரின் பேனா 1849இல் அச்சமூகத்தாரைப் பற்றி எழுதிய நூல், அச்சமூகத்தாரையே பிற்காலத்தில் பெரிதும் புண்படுத்தியது என்பதையும் மாணவர் சேர்த்தே படிக்க வேண்டும். குடுமிக் கட்டுரையும் ஐரோப்பியரை நோக்கி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே. தலை நம்மவருடையது, விவாதம் பிறருடையது.

இனி, நாம் கட்டுரையோடு மாறுபடும் இடத்துக்கு வருவோம். குடுமி வெறும் வழக்கம், ஆகவே அதை விட்டுவிடுங்கள் என்பது கால்டுவெல் தரும் காப்பு. ஆனால், வெறும் வழக்கம் என்பதே எதிராளியின் கையில் ஆயுதமாகவும் ஆகும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கறுப்பினப் பெண் ஒருவர் தம் முடியை நெருக்கமான சிறு பின்னல்களாகப் பின்னிவருவதை அந்நிறுவனம் தடுத்தது. வழக்கு நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்திற்குச் சென்றது. 1981இல் வந்த தீர்ப்பு நிறுவனத்தின் பக்கமே நின்றது. பின்னல் இயற்கையாய் அமைந்ததன்று, எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்கது என்பது நீதிமன்றம் கூறிய காரணம். வழக்கமே ஆதலால் கால்டுவெல்லிடம் குடுமி தப்பிற்று. வழக்கமே ஆதலால் நியூயார்க்கில் பின்னல் தோற்றது! நெளிந்து சுருண்டு அடர்ந்து வளரும் முடியைச் சிக்கின்றிப் பேணுவதற்கே அம்மக்கள் தலைமுறை தலைமுறையாய் அப்பின்னலைக் கைக்கொண்டனர் என்பதை அந்நீதிமன்றம் எண்ணிப் பார்க்கவில்லை. 2019இல் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய ‘கிரவுன்’ சட்டமே இதனைத் தெளிவாகக் கண்டது. முடியின் தன்மையும் அதற்கேற்ற பின்னல், சடைத்திரி முதலியனவும் இனத்தின் கூறுகளே. அவற்றைக் காட்டிப் பள்ளியிலோ பணியிடத்திலோ ஒருவரைத் தள்ளுதல் இனப்பாகுபாடே என்று அது வகுத்தது. நாடு முழுவதற்குமான மசோதா 2022இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைக் கடக்கவில்லை.

கிறிஸ்தவப் பள்ளிகள் இவ்வகையில் பின்தங்கியே நின்றன எனச் சொல்ல நேர்வது வருத்தத்துக்குரியது. பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளித் தலைமையாசிரியர், முடியை வெட்டித் தலைப்பாகையை நீக்கினாலன்றிச் சீக்கியச் சிறுவனுக்கு இடமில்லை என்றார். தலைப்பாகை தம் பள்ளியின் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஓர் அறைகூவல் என்பது அவர் கருத்து. 1983இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவ்விதியைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது. குடுமிச் சர்ச்சைக்கு 116 ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே வாதம், அதே தொனி. தென்னாப்பிரிக்காவில் 2016இல் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப்பள்ளி மாணவியர், தங்கள் முடியை அதன் இயல்பில் விட்டதற்காகக் கண்டிக்கப்படுவதை எதிர்த்துக் கிளர்ந்தனர். நிறவெறி ஆட்சி முடிந்து 22 ஆண்டுகளாகியும் வெள்ளையர் முடியே ஒழுங்கின் அளவுகோலாய் நீடித்தது.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று பல்லடத்தில் இருந்துகொண்டு நாம் சொல்லிவிட முடியுமா? திருப்பூரில் பின்னலாடை கொள்முதலுக்காக வந்து தங்கிய நைஜீரிய வணிகரின் தலையைக் கண்டு நம் கடைத்தெரு எப்படிச் சிரித்தது என்பதை நாம் அறிவோம். சுருண்ட முடிக்குப் ‘பரட்டை’ என்று பெயரிட்டு, அதனையே ஒரு மனிதனின் குணப்பெயராகவும் ஆக்கியவர் நாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழனியிலும் திருப்பதியிலும் காணிக்கையாய் இறக்கப்படும் நம் பெண்களின் நீண்ட முடி ஏலம் போய், பொய்ம்முடியாகி, தம் சொந்த முடியோடு அலுவலகம் புக அஞ்சும் கறுப்பினப் பெண்கள் சிலரின் தலையில் ஏறுகிறது.

இப்போது நம் விடுதிக்கு வருவோம். நாம் பொறுப்புக் குழுவில் இருந்த ஒரு பள்ளி அது. ஆனைகட்டிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த சிறுமிக்கு இறுகச் சுருண்ட முடி. அச்சிடப்பட்ட விதி, தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரி இரட்டைச் சடை பின்னியிருத்தல் வேண்டும் என்றது. எவ்வளவு எண்ணெய் வைத்தும் அம்முடி படியவில்லை. சடை காதுக்கு மேலேயே நின்றது. மூன்று நாள் காலை வழிபாட்டில் தனியே நிறுத்தியபின், நான்காம் நாள் விடுதிக் காப்பாளர் ஒட்ட வெட்டிவிட்டார். பேன் என்று காரணம் சொல்லப்பட்டது. மலையிலிருந்து வந்த தந்தை ஒன்றும் பேசாமல் மகளை அழைத்துச் சென்றார். ஒரு பருவம் முழுவதும் அவள் வரவில்லை. விதித்தாளின் அடியில் நம் கையொப்பமும் இருந்தது.

‘படிய’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். படிதல் என்பதற்குக் கீழே அமர்தல் என்றும் பொருள், அடங்குதல் என்றும் பொருள். விதி எழுதியவர் தூய்மையை நாடினார் என்றே நம்புகிறோம். ஆயின் தூய்மைக்கு அவர் தேர்ந்த அளவு, நேராக வளரும் முடியின் அளவு. எல்லாருக்கும் ஒரே விதி என்றபோதே, அது சிலருக்குப் பிறப்பிலேயே கைகூடுவதாகவும் சிலருக்கு எந்நாளும் கைகூடாததாகவும் ஆயிற்று.

இங்கு ஒரு தடை எழும், அது அற்பமானதன்று. நாங்குநேரிக் கொடுமைக்குப்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதி காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகியவற்றைத் தடைசெய்யுமாறு 2024இல் பரிந்துரைத்தது. அங்ஙனமாயின் முடிக்கும் கட்டுப்பாடு வேண்டாமா எனக் கேட்கலாம். கயிறு, பிறனைத் தாழ்த்தும்பொருட்டுக் கட்டப்படுவது, கட்டியவன் அவிழ்க்கலாம். சுருட்டை முடி யாரையும் தாழ்த்தவில்லை, அவிழ்க்கவும் இயலாது. விசைத்தறிக் கூடத்தில் முடியை முடிந்து துணிக்குள் அடக்கச் சொல்வதும் வேறு; அங்கே எந்திரம் ஆள் பார்ப்பதில்லை, எவர் முடியானாலும் இழுத்துவிடும். அடக்கிக்கொள் என்னும் மேலாளரோடு நமக்கு வழக்கில்லை. முடியைக் கண்டே வேலை இல்லை என்பவரோடுதான் வழக்கு.

மறைநூலைக் காட்டுவோர் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தையே எடுக்கின்றனர். ‘சுபாவம்’ போதிப்பதாகப் பவுல் கூறும் இடம் அது. ஆனால் அதே பவுல் ஒரு பொருத்தனையினிமித்தம் கெங்கிரேயாவில் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டதை அப்போஸ்தலர் 18 சொல்கிறது. நசரேயன் முடியை வளரவிடவேண்டும் என்கிறது எண்ணாகமம் 6. இவற்றிலிருந்து பள்ளி விதி ஒன்றைப் பிழிந்தெடுக்க முயல்வோருக்கு எதுவும் தேறாது. நமக்கு உதவுவது 2 சாமுவேல் 10. ஆனூன் தாவீதின் ஊழியக்காரருடைய தாடியைப் பாதி சிரைத்து அனுப்பினான். தாடி சமயமா, வழக்கமா, இயற்கையா என்று தாவீது விசாரிக்கவில்லை. அம்மனிதர் மிகவும் வெட்கப்பட்டிருந்தனர் என்பதே அவனுக்குப் போதுமாயிற்று. அது வளருமட்டும் எரிகோவிலே தங்கியிருக்கச் சொன்னான். கால்டுவெல் கேட்காத கேள்வி இதுவே: முடியின் பொருள் என்ன என்று கேட்டவர், அதனை இழந்தவனுக்கு என்ன நேர்ந்தது எனக் கேட்கவில்லை.

அச்சிறுமி முடி வளர்ந்தபின் திரும்பி வந்தாள். அதற்குள் குழு கூடி, ‘படிய வாரி’, ‘இரட்டைச் சடை’ என்னும் சொற்களை அடித்துவிட்டு, தலை கழுவப்பட்டுச் சுத்தமாயிருத்தல் வேண்டும் என்று மாற்றி எழுதியிருந்தது. காப்பாளர் அம்மையார் புதிய தாளைப் படித்துவிட்டு, “ஐயா, அப்படியானால் ஒழுங்கை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?” என்று கேட்டார். அவர் மனதார ஐயுற்றே கேட்டார். அவருக்கு விடை கூற அன்று மாலை நெடுநேரமாயிற்று.