நான்காவது வரி

சிங்கப்பூரில் தமிழ் அறிவிப்புப் பலகை பற்றிய விமர்சனம் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது. யாரோ ஒருவர் பிழையான பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். "தமிழைக் கொல்றாங்கப்பா" என்று நாலு பேர் கொதிப்பார்கள். சம்பந்தப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், பலகை மாறும். அடுத்த படம் வரும்வரை அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது எழுத்துப்பிழையைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. அந்தப் பலகையில் தமிழ் ஏன் அந்த இடத்தில், அந்த அளவில், அந்த எழுத்துருவில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வரைகலையை விமர்சிக்க வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பிழையையே எடுத்துக்கொள்வோம். 2017-இல் சிங்கப்பூர் தேசிய தின அணிவகுப்பின் விளம்பரத் தாளில் தமிழ் வாசகம் சிதைந்து வந்தது. ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. இதுபோன்ற சிதைவுகளுக்கு மொழிபெயர்ப்பாளரைத் திட்டுவதுதான் நம் வழக்கம். பல சமயம் அவர் சரியாகத்தான் எழுதியிருப்பார்.

"கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். யூனிகோட் முறையில் கணினி முதலில் "க"வையும் அடுத்து ஒகரக் குறியையும் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் உட்கார வேண்டும். இந்த வேலையைச் செய்வது மென்பொருள். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான வசதி இல்லாவிட்டாலோ, இருந்தும் அதை முடுக்கிவிடாவிட்டாலோ கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளிவட்டங்கள் முளைக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் மொத்தமும் குப்பையாகிவிடும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணுக்கு எல்லாமே வளைவுகள்தான். அச்சகத்தாருக்கும் தெரியாது. ஒப்புதல் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கும் தெரியாது. மொழிபெயர்ப்பாளரின் வேலையோ கோப்பை அனுப்பியதோடு முடிந்துவிட்டது. அச்சுக்குப் போகும் கடைசிப் படியைத் தமிழ் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆக, பிழை முளைப்பது மொழியறிவுக் குறையால் மட்டும் இல்லை. தமிழைக் கடைசியில் ஒட்டும் வேலையாக வைத்திருக்கும் பணிமுறையிலிருந்தும் அது முளைக்கிறது.

சரி, பிழையே இல்லாத பலகையைப் பார்ப்போம். சிங்கப்பூர் அரசியல் சாசனத்தின் 153A பிரிவு ஆட்சிமொழிகளை மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசையில் சொல்கிறது. ஆனால் கட்டுமானத் தளத்து எச்சரிக்கைப் பலகையிலும் வீவக புளோக்கின் கீழ்த்தளத்து அறிவிப்பிலும் ஆங்கிலம்தான் முதலில் வருகிறது. தமிழ் பெரும்பாலும் நான்காவது வரி. வரிசையைக்கூட விட்டுவிடலாம், யாராவது ஒருவர் கடைசியில் வரத்தான் வேண்டும். அந்த நான்காவது வரிக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் "எக்ஸிட்" தமிழில் "வெளியேறும் வழி" ஆகிறது. ஆங்கிலத்தை அளந்து போட்ட கட்டத்துக்குள் இதை நுழைக்க இரண்டே வழிகள்: எழுத்தைச் சிறிதாக்கலாம், அல்லது பக்கவாட்டில் நசுக்கலாம். சிறிதாக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு "க்" என்பது "க" ஆகிவிடும். நசுக்கினால் "ணை", "ஞ", "ழ" போன்ற அகலமான எழுத்துகளின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். ஓலைச்சுவடிகளிலும் புள்ளி இருக்காது, உண்மைதான். ஆனால் சுவடி படித்தவர் உட்கார்ந்து, மொழியில் ஊறிய பழக்கத்தால் புள்ளியை மனத்தில் போட்டுக்கொண்டே வாசித்தார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

பியாட்ரிஸ் வார்ட் 1930-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை ஒன்றில் அச்செழுத்தைக் கண்ணாடிக் கோப்பைக்கு ஒப்பிட்டார். நல்ல கோப்பை உள்ளே இருக்கும் மதுவைக் காட்டும், தன்னைக் காட்டிக்கொள்ளாது. உலகெங்கும் வடிவமைப்பு மாணவர்கள் படிக்கிற கருத்து இது. நம் பலகைகளில் வைத்துப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. ஆங்கிலத்துக்குப் பொறுக்கியெடுத்த கோப்பை. தமிழுக்குக் கணினியோடு இலவசமாக வந்த லதாவோ வேறு ஏதோ ஓர் எழுத்துருவோ. ஒன்று பளிங்காக இருக்கிறது, மற்றது கலங்கிக் கிடக்கிறது. வாசகர் எந்தப் பக்கம் போவார்? தமிழ் நன்றாகத் தெரிந்தவரின் கண்கூட ஆங்கில வரிக்குத்தான் போகும். அப்புறம் "தமிழை யார் படிக்கிறாங்க?" என்று கேட்பது எளிது. படிக்க முடியாதபடி வைத்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது.

மலேசியாவில் இதன் முகம் வேறு. அங்கே கடைப் பலகையில் மலாய் முன்னுரிமை பெற வேண்டும், பிற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. எழுத்தின் அளவே சட்டமாக இருக்கிறது. 2024-இன் இறுதியில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் விதிக்கு ஒத்துவராத பலகைகள்மீது நடவடிக்கை எடுத்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. எந்த மொழி இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்றுதான் பலரும் பேசினார்கள். விதி விட்டுவைத்திருக்கும் இடத்தில் நாம் தமிழை எப்படி எழுதுகிறோம் என்பதும் பேச வேண்டிய விஷயம். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்து பாருங்கள். தமிழர் தம் காசில் மாட்டிய பலகையிலேயே தமிழ் ஓர் ஓரத்தில் நிழலும் மினுக்கும் பூசிக்கொண்டு அலங்காரப் பொருளாக நிற்பதைப் பார்க்கலாம். எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இதே கேள்வி நம் புத்தகங்களுக்கும் உண்டு. அரசுப் பலகையைப் பற்றிக் குமுறும் எழுத்தாளர் தன் தொகுப்புக்கு எப்படி அட்டை போடுகிறார்? இப்போது செயற்கை நுண்ணறிவிடம் நாலு சொல் கொடுத்தால் படம் வந்துவிடுகிறது. ரப்பர் தோட்டம், பின்னணியில் அஸ்தமனம், முகம் பாதி மறைந்த ஒரு பெண். படத்துக்குள் பலகை வந்தால் அதில் தமிழ் மாதிரி ஏதோ கிறுக்கியிருக்கும். தோட்டத்து வாழ்க்கையை நுணுக்கமாக எழுதிய கதைக்கு, எந்தத் தோட்டத்தையும் பார்க்காத ஒரு படம். உள்ளே "ஒரு சொல் மாறினாலும் கதை கெட்டுவிடும்" என்று வாதாடுபவர், அட்டையில் எது வந்தாலும் சரி என்கிறார். அட்டை வடிவமைத்தவரின் பெயரைப் பல நூல்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மதிப்புரை எழுதுகிறவர்களும் அட்டையைத் தாண்டி நேரே முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

தமிழில் இதற்கு மரபே இல்லை என்று சொல்ல முடியாது. ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகள் நவீன இலக்கியத்தின் முகமாகவே இருந்தன. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மலேசியாவின் முத்து நெடுமாறன். முரசு அஞ்சல், செல்லினம் என்று தமிழைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுபோனவர். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் தமிழ் எழுத்துருவின் பெயரில் வரும் "எம்என்" அவருடைய பெயரின் முதலெழுத்துகள். உலகெங்கும் ஐபோனில் தமிழ் படிக்கிறவர்கள் ஒரு மலேசியத் தமிழர் வரைந்த வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவரைத் தொழில்நுட்பச் சாதனையாளராகப் பாராட்டிவிட்டோம். அந்த எழுத்துகளின் வடிவத்தை ஒரு படைப்பாக வாசித்து, இந்த வளைவு ஏன் இப்படி, இந்தத் தடிமன் கண்ணுக்கு என்ன செய்கிறது என்று எழுதிய கட்டுரைகள் எத்தனை? ஒரு கவிதையின் வரிமுறிப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதத் தெரிந்த நமக்கு, அந்த வரி எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்க்க ஏன் தோன்றவில்லை?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர் வீடுகளில் அதிகம் புழங்கும் மொழி ஆங்கிலம். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைக்கும் தமிழில் பெரும்பகுதி இந்தப் பலகைகளும் சுவரொட்டிகளும்தான். தினமும் கண்ணில் படும் தமிழ் நசுங்கியோ உடைந்தோ ஓரத்தில் ஒட்டியோ இருந்தால், இந்த மொழி இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

அடுத்த முறை பலகையைப் படமெடுக்கும்போது இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று முழுப் பலகையையும் எடுங்கள். நாலு வரிகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். யார் மொழிபெயர்த்தார், யார் வடிவமைத்தார், அச்சுக்கு முன் யார் கடைசியாகப் பார்த்தார் என்று விசாரியுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் போடுவதற்குப் பதிலாக ஆயிரம் சொல்லில் எழுதுங்கள். மன்னிப்பு வாங்குவது ஒரு நாள் வேலை. பலகை போடுகிறவரின் வேலைமுறையை மாற்ற அந்த ஆயிரம் சொற்கள் தேவைப்படும்.