கிரீடம் போட்ட டீபாட்

பழம்பொருள் பைத்தியம் பிடித்த திண்டுக்கல்காரர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு தெரியாமல் இருக்காது. நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காலையில் போனால் சாயங்காலம் திரும்பிடலாம். செட்டிநாட்டு வீடுகளில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த மங்குச் சாமான், எனாமல் வாளி எல்லாம் கடைசியில் வந்து சேருவது அங்கேதான்.

போன வருஷம் அங்கே ஒரு பீங்கான் டீபாட் வாங்கினேன். உடம்பு முழுக்கக் குழந்தைகளும் திராட்சைக் கொடியும் புடைப்பாக இருக்கும். அடியில் நீலத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே நேப்பிள்ஸைக் குறிக்கும் 'என்' எழுத்து. "கப்போதிமோந்தே சார், ராஜா காலத்துது" என்றார் கடைக்காரர். நான் காசு கொடுத்தது அந்தக் கிரீடத்துக்குத்தான்.

வீட்டுக்கு வந்து வரலாற்றைத் தேடினால் கணக்கு இடிக்குது. போர்பன் அரசர் சார்லஸ் 1743-ல் நேப்பிள்ஸில் தொடங்கியதுதான் கப்போதிமோந்தே ஆலை. அதன் குறி லில்லிப் பூ, கிரீடம் இல்லை. 1759-ல் அவர் ஸ்பெயின் அரசராகப் போனபோது ஆலையையும் கூடவே மத்ரித்துக்குக் கொண்டுபோய்விட்டார். கிரீடமும் எழுத்தும், அவர் மகன் ஃபெர்டினாண்ட் 1771-ல் நேப்பிள்ஸில் மறுபடி தொடங்கிய ஆலையின் குறி. அந்த ஆலை போன பிறகு, ஃப்ளாரன்ஸ் பக்கத்தில் டோச்சியாவில் இருந்த ஜினோரி ஆலை அதையே போட்டது. அதைப் பார்த்து இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பலர் போட்டார்கள். கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் இல்லையா, அந்த மாதிரிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் டீபாட்டில் கிரீடத்துக்குக் கீழேயே 'இட்டாலி' என்று அச்சிட்டிருக்கு. ஒன்றுபட்ட இத்தாலி நாடு உருவானதே 1861-ல்தான். கையில் வைத்துக்கொண்டே நான் அதை யோசிக்கலை.

சரி, ராஜா வீட்டுது இல்லை. நல்ல டீபாட்டா? அதுவும் இல்லை. மூக்கின் நுனி மூடி விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கு. முக்கால்வாசி நிரப்பும்போதே மூக்கு வழியாக ஒழுகுது. சாய்த்தால் மூடி கழன்று விழுது. தேய்ந்த அச்சில் வார்த்ததால் குழந்தைகளின் முகத்தில் கண்ணே தெரியலை. அந்தக் குறையை மறைக்கத்தான் அத்தனை வண்ணமும் தங்கப் பூச்சும்.

எதிர்ப்பக்கம் ஒன்று சொல்லணும். 1735-ல் கார்லோ ஜினோரி தொடங்கிய அதே ஆலை 2013-ல் திவாலாகி, குச்சி நிறுவனம் வாங்கிய பிறகும் ஓடுது. அவர்களுடைய 'அந்திகோ டோச்சியா' வரிசை 18ஆம் நூற்றாண்டு வடிவத்தில் இன்னமும் வருது. வெறும் வெள்ளை. வண்ணம் இல்லாததால் அச்சின் குறை ஒளிய இடமே இல்லை. ஆனாலும் "அது புதுசுங்க" என்று ஒதுக்கிவிட்டு, கிரீடத்தைத் தேடி ஓடுகிறோம். நம் சேகரிப்பில் பெரும்பாலும் டீபாட் இல்லை, முத்திரைதான் இருக்கு.

நம்ம ஊர் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் பூட்டு வாங்கும் நம்மாள் எவரும் அந்தக் குறியோடு நிறுத்துவதில்லை. சாவியைப் போட்டு ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துத்தான் காசை எடுப்பார்.

அடுத்த தடவை காரைக்குடிக்குப் போகும்போது பையில் பூதக்கண்ணாடியோடு ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.