கஸலில் சொல்லும் மௌனமும்

கஸல் முதலில் பாட்டன்று, கவிதை. தனித்தனியே பொருள் முற்றும் ஈரடிகளால் ஆனது. இயைபாக அமையும் காஃபியாவும், அதையடுத்து மாறாது திரும்பிவரும் ரதீஃபும் அவ்வீரடிகளை ஓர் இழையில் கோக்கின்றன. எனவே, கஸலைப் பாடுவோர் எவராயினும், அவரிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, சொல் என்னவாயிற்று என்பதே. உருதுக் கவிதையை ஜாஸ் இசையோடு இணைத்துப் பாடிவரும் பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் ஆஃப்தாபிடமும் அக்கேள்வியையே முன்வைக்கிறோம்.

ரியாத்தில் பிறந்து, லாகூரில் வளர்ந்து, போஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்றவர் அவர். 2021இல் வெளிவந்த 'வல்ச்சர் பிரின்ஸ்' தொகுப்பை, அது உருவாகிவந்த காலத்தில் மறைந்த தம் இளவலுக்கு உரித்தாக்கினார். அதிலுள்ள 'மொஹப்பத்' 2022இல் கிராமி விருது பெற்றது. ஹஃபீஸ் ஹோஷியார்பூரி இயற்றிய அக்கஸல், மெஹ்தி ஹசனின் குரலில் முன்பே புகழ்பெற்றிருந்தது.

மெஹ்தி ஹசன் சொல்லுக்கு உரையாசிரியர். ஒரே அடியைப் பலவாறு திருப்பிப் பாடி அதன் பொருளை விரிப்பார். அரூஜ் உரை எழுதுவதில்லை. சில அடிகளையே எடுத்து, அவற்றிடையே நீண்ட வெளியை விடுகிறார். ஹார்ப்பும் கிதாரும் அவ்வெளியை நிரப்ப விரைவதில்லை. இது மரபை மீறியதென்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. முஷாயிராவில் கவிஞர் முதலடியை இருமுறை மும்முறை சொல்லி, அவையைக் காக்கவைத்த பின்னரே இரண்டாமடியை அவிழ்ப்பார். அக்காத்திருப்பு கஸலின் உடன்பிறந்த குணம். அரூஜ் அதனை நீட்டியிருக்கிறார், புதிதாய்ப் புகுத்தவில்லை. துயரத்தில் பிறந்த தொகுப்புக்கு அது பொருந்தவும் செய்கிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், ஷாஹ்சாத் இஸ்மாயிலி ஆகியோருடன் அவர் படைத்த 'லவ் இன் எக்ஸைல்' (2023) தொகுப்பில் மூவரின் உடனிகழ் கற்பனை வியக்கத்தக்கது. ஆனால் அங்கே காத்திருப்பு சில இடங்களில் முடிவதே இல்லை. இரண்டாமடி வந்தும் வராதது போலாகிறது. உருது அறியாதார்க்குச் சொல் வெறும் ஒலியாகவே எஞ்சுகிறது.

இசை பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாட்டை ஈண்டு விரிக்கவில்லை. எனினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் ஸமாஃ பற்றி எழுதுகையில், அது உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதையே கிளர்த்துகிறது என்பதை வலியுறுத்துகிறார். அவ்வாறாயின், சொல் மங்கிய இசை எதைக் கிளர்த்தும் என்பது கேட்போரின் உள்ளத்துக்கே விடப்படுகிறது. அத்தகைய இசையைச் சந்தை 'சூஃபி இசை' எனப் பெயரிட்டு விற்பது, கேட்போரையும் சூஃபியாக்களையும் ஒருங்கே ஏமாற்றுவதாகும்.

'நைட் ரெய்ன்' (2024) தொகுப்பில் அவர் ஹைதராபாத்தின் மஹ் லகா பாய் சந்தாவை நாடியது நம்பிக்கை தருகிறது. 1824இல் மறைந்த அப்பெண் கவிஞர், திவான் கண்ட முதற்பெண்டிருள் ஒருவர். ஏட்டில் உறங்கிய தக்காணத்துச் சொற்கள் இன்று உலக அரங்கில் மீண்டும் ஒலிக்கின்றன. குரல் சொல்லைத் தேடிச் சென்ற இவ்வழியே அவருக்கு உகந்த வழி என்பது நம் துணிபு.