கானோவின் செந்தோலை ரசிப்பது எப்படி?

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு தோலை ரசிப்பது எப்படி என்று எழுதப் புகுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான் என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும், தோலைச் சதுர அடியாகவும் டசனாகவும் ஏற்றுமதி ஆர்டராகவும் பார்த்துப் பழகிய நம் ஊரார், அதனை ஒரு கைவினைஞனின் சிருஷ்டியாகக் கருதிச் சற்று நேரம் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறோமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரையில் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் அந்தத் தோல் ஆப்பிரிக்காவின் மத்தியிலிருந்து வந்தது என்றால், "அங்கே என்ன பெரிய பதனீடு இருந்துவிடப் போகிறது?" என்ற அலட்சியம் நம்மையறியாமலே நாவில் வந்துவிடுகிறது. இந்த அபிப்பிராயம் எவ்வளவு தவறு என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய மெத்தை உறை.

வட நைஜீரியாவில் கானோ என்னும் நகரில் பல வருஷம் ஆசிரியராக இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே வாங்கிய வட்டமான தோல் மெத்தையுறையொன்றை எனக்குக் கொடுத்திருந்தார். மங்கிய சிவப்பு, நடுவில் கறுப்பும் வெள்ளையும் பச்சையுமாகத் தோல் துண்டுகளை ஒட்டித் தைத்த நட்சத்திரக் கோலம். நெடுநாள் பரணில் கிடந்த அதனை, தோல் ஷாப்பிலேயே தலை நரைத்த ஒரு மேஸ்திரியிடம் ஒருநாள் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாய், இது எந்த ஊர்ச் சரக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் சாயத்தைப் பார்க்கவேயில்லை. உறையைப் புரட்டி, சாயம் படாத உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டினார், முகர்ந்தார், ஓரத்தில் தையல் விட்டிருந்த இடத்தைப் பிரித்து, வெட்டுவாயை நகத்தால் நெருடினார், பிறகு, நான் சற்றும் எதிர்பாராத விதமாக, நாக்கின் நுனியை அதன்மேல் வைத்து எடுத்தார்.

"ஆட்டுத்தோல் சார். குரோம் படவே இல்ல. பட்டை போட்ட மாதிரி தெரியல, ஏதோ காய் போட்டிருக்கான். நடுவுல பாருங்க, பச்சைக் கோடே கிடையாது. பதம் அடிவரைக்கும் எறங்கியிருக்கு. யார் செஞ்சான்னு தெரியாது, ஆனா அவசரக்காரன் இல்ல."

அந்தக் கணத்தில் அவர் செய்தவற்றை அப்படியே செய்வதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். நிறத்தில் மயங்காமல் முதலில் வெட்டுவாயைப் பாருங்கள். தோலின் இரு முகங்களும் பதமாகி, நடுவில் மட்டும் வெளிறிய கோடு ஓடினால், தொட்டியிலிருந்து அதனை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். பிறகு ஒரு சொட்டு நீரை விடுங்கள்; தாவரப் பதத்தோல் அதனைக் குடித்துக் கறுக்கும், குரோம் தோல் சற்றே யோசிக்கும். துணுக்கொன்றைக் கொளுத்திப் பார்க்கத் துணிந்தால், குரோம் தோலின் சாம்பலில் பச்சை தட்டும். ஒரே நாளில் பதம் முடித்துத் தரும் அந்த உலோக உப்பின்மேல் எனக்குத் துவேஷமில்லை. நம் ஊரின் சோறு அதிலிருந்துதான் வருகிறது. அதற்குப் பாலாறு கொடுத்த விலை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது என்பதும் ஊரறிந்த செய்தி. ஆனால் வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற பதத்தைக் கையால் உணர வேண்டுமென்றால், மரத்தின் துவர்ப்பில் ஊறிய தோலைத்தான் எடுக்க வேண்டும்.

மேஸ்திரி சொன்ன அந்தக் 'காய்' எது? கானோ மக்கள் பேசும் ஹௌஸா மொழியில் 'பகருவா' என்று பெயர் பெற்ற அது, நம் ஏரிக்கரைகளில் நிற்கும் கருவேலமரத்தின் நெற்றேயன்றி வேறன்று. (மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்து நம் நிலத்தடி நீருக்கு வம்பாக நிற்கும் சீமைக் கருவேலத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம்.) மணிமணியாக இடுங்கிய அந்த நெற்றை இடித்து நீரில் கரைத்து, மரச்சாம்பல் கரைசலில் மயிர் நீங்கிய ஆட்டுத்தோலை அதில் ஊறவைத்து மிதித்துப் பிசைந்து எடுப்பதே கானோவின் சம்பிரதாயம். ஆப்பிரிக்காவில் இந்தக் காயின் வித்தை அதிபுராதனமானது. எகிப்தின் ஆதிகாலத் தோல்களிலும் இதன் துவர்ப்பே கண்டறியப்பட்டிருக்கிறது. கறுப்புச் சாயத்துக்கும் அவர்கள் தூரம் போகவில்லை. இதே துவர்ப்போடு இரும்பின் கசட்டைச் சேர்த்தால் கறுப்பு பிறக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை காய்ச்சிய நம் பாட்டன்மாருக்கு இந்த ரசாயனம் புதிதல்ல.

இனிச் சிவப்புக்கு வருவோம். ரசிகன் நிதானித்து நிற்க வேண்டிய இடம் இது. இந்தச் சிவப்பு அரக்கிலிருந்தோ, பூச்சியிலிருந்தோ, ஜெர்மனியின் புட்டிச் சாயத்திலிருந்தோ வந்ததன்று, சோளத்தட்டையிலிருந்து வந்தது. தானியத்துக்காகவன்றிச் சாயத்துக்கென்றே ஹௌஸா உழவர்கள் வளர்க்கும் ஒருவகைச் சோளத்தின் இலையுறையை அரைத்து, நம் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய உவர்மண்ணுக்கு ஒப்பான கார உப்பைச் சேர்த்துப் பிழிந்தால், குருதியும் செம்மண்ணும் கலந்தாற்போன்ற ஒரு நிறம் இறங்குகிறது. வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: புட்டிச் சாயம் எங்கும் ஒரே சீராக நிற்க, இது மயிர்க்கால் குழிகளில் அடர்ந்தும் மேடுகளில் தளர்ந்தும் நிற்கும். ஆட்டுத்தோலின் மேற்பரப்பில் மயிர்க்கால்கள் பிறைபிறையாக வரிசை கட்டி நிற்பதை இந்த ஏற்றத்தாழ்வு சித்திரம்போல் எடுத்துக் காட்டுகிறது. அச்சுத் தகட்டால் பொய்யாக மணி எழுப்பிய தோல் ஒருகாலும் இப்படித் தோன்றாது.

சோளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதனைக் காட்டுப்புல் நிலையிலிருந்து பயிராக்கியவர்கள் இன்றைய சூடான் பிரதேசத்து மக்கள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய சான்று அங்கே கிடைத்திருக்கிறது. நம் பக்கத்துக் களிக்கு ஆதாரமான கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தின் சந்ததி; கம்பு சஹாராவின் தென் ஓரத்தது. களி உருண்டையை நாள் தவறாமல் உண்டுகொண்டே, "ஆப்பிரிக்கர் உலகத்துக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்பவரை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தோலில் காட்டிய இத்தனை சாமர்த்தியத்துக்கும் கிடைத்த கீர்த்தி யாருக்குப் போயிற்று? கானோவிலும் மற்றொரு ஹௌஸா நகரான சொக்கோட்டோவிலும் பதமான செந்தோல், ஒட்டக வணிகரின் சுமையாகச் சஹாராவைக் கடந்து வடகரைத் துறைமுகங்களுக்குச் சென்றது. அங்கே கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தபோது அதன் பெயர் 'மொராக்கோ தோல்' என்றாயிற்று. மொராக்கோவிலும் நல்ல பதனீடு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பெயரில் விலைபோன சரக்கில் கணிசமான பங்கு, பாலைவனத்துக்குத் தெற்கே, பெயர் தெரியாத ஹௌஸாக் கைகளால் ஆனது. 1851-ல் கானோவுக்குள் நுழைந்த ஜெர்மானியப் பிரயாணி ஹைன்ரிஹ் பார்த், அந்நகரத்துச் செருப்புகளின் நேர்த்தியையும், சோளச் சாயமிட்ட தோல்கள் திரிப்பொலி வரை ஏராளமாகச் சென்றதையும் கண்டு எழுதிவைத்தார். அதற்கும் 300 ஆண்டுகளுக்கு முன், லியோ ஆப்பிரிக்கானுஸ் என்று ஐரோப்பா அழைத்த ஹசன் அல்-வஸ்ஸான், பக்கத்து ஹௌஸா நாடான கோபிரின் பாதரட்சைகள் பழைய ரோமானியருடையவைபோல் இருந்தன என்றும், மேற்கிலிருந்த வணிக நகரங்களான திம்புக்டுவுக்கும் காவோவுக்கும் விற்பனைக்குச் சென்றன என்றும் குறித்திருக்கிறார். அந்நூல் 1550-ல் வெனிஸில் அச்சேறிற்று. காலணியை ஏற்றுமதி செய்து பிழைக்கும் ஊர் ஆம்பூர் ஒன்றுதான் என்று நாம் இறுமாந்திருக்க வேண்டியதில்லை.

பெயர் பறிபோன துயரத்தில் நமக்கும் பங்குண்டு. ஆவாரம்பட்டையில் பதமாகிச் சென்னையிலிருந்து கப்பலேறிய நம் ஆட்டுத்தோலை லண்டன் சந்தை 'பெர்ஷியன்' என்று அழைத்தது. பாரசீகத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மேலும் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. புத்தக அட்டைகள் ஏன் பொடிந்து போகின்றன என்று ஆராய்ந்த லண்டன் கலைச் சங்கத்தின் குழு 1901-ல் அறிக்கை தந்தபோது, மிக விரைவில் சிதைபவற்றுள் ஒன்றாக அந்தப் 'பெர்ஷியன்' தோலையே சுட்டிற்று. ஆவாரத்தின் துவர்ப்பு வெளிச்சம் பட்டால் சிவந்து நைந்துவிடும் குணமுடையது. அதனை ஓரளவு தடுப்பதற்குத்தான் நம்மவர்கள் இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்தார்கள். செருப்புக்கும் உள்தோலுக்கும் அது உத்தமமான சரக்கு. நூற்றாண்டுக் கணக்கில் நிற்க வேண்டிய நூலுக்கு அல்ல. அதே காலத்தில் இங்கிலாந்தின் பைண்டர்கள் உழைப்புக்குப் பெயர் போனது என்று தேடி வாங்கியது 'நைஜர்' என்ற ஆட்டுத்தோலை. அதாவது, ஹௌஸா மனிதர் தம் கையால் பதனிட்டதை. நம் ஊர்ப் பெருமைக்குச் சற்று வலித்தாலும் இதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திம்புக்டுவின் பழஞ்சுவடிகளின் படம் எங்கேனும் கண்ணில் பட்டால், எழுத்தழகோடு நின்றுவிடாமல் அட்டையையும் பாருங்கள். தாள்கள் தைக்கப்படாமல் தனித்தனியே இருக்கும். மடக்கு நாவுடைய தோல் உறையொன்று அவற்றை அணைத்துக்கொள்ள, மெல்லிய வார் சுற்றிக் கட்டும். சட்டமும் கயிறும் கொண்ட நம் ஓலைச்சுவடியைப் பார்த்த கண்ணுக்கு இது உடனே விளங்கும். பல மாணாக்கர் ஏடுகளைப் பிரித்தெடுத்து ஒரே வேளையில் பிரதி செய்ய இதைவிடத் தோதான அமைப்பு வேறில்லை. 1591-ல் மொராக்கோப் படை திம்புக்டுவை ஆண்ட நாட்டின்மேல் பாய்ந்து, பின்னர் அந்நகரத்து அறிஞர் அகமது பாபாவைக் கைதியாக மராகேஷுக்குக் கொண்டுபோனபோது, தம் 1,600 நூல்கள் பறிபோனதாகவும், உறவினருடையவற்றுள் தம்முடைய நூலகமே சிறியது என்றும் அவர் சொன்னதாக வரலாறு. தோலின் பெயர் ஒருபுறமிருக்க, நூல்களும் மொராக்கோவின் பேரில்தான் போயின.

சஹாராவில் வாழும் துவாரெக் மக்களின் பைகள் கிடைத்தால் அவற்றைத் தனியே ரசிக்க வேண்டும். அவை பெரும்பாலும் பெண்களின் வேலை. மேல்தோலைக் கத்தி முனையால் கீறி உரித்து, அடியிலுள்ள வெளிர் நிறத்தைக் கோலமாக வெளிக்கொணர்வார்கள். உரித்த கோட்டின் ஓரம் எங்காவது பிசிறியிருக்கிறதா என்று விரலால் தேடிப் பாருங்கள். பிசிறு அகப்படுவது அபூர்வம்.

கானோவுக்கும் துவாரெக் மக்களின் நகரான அகாடெஸுக்கும் போய்வர எல்லோராலும் இயலாது என்பது உண்மையே. ஆனால் பழைய நூலகமொன்றில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் கட்டிய ஆங்கில நூல்கள் அகப்பட்டால், முதுகை ஒருமுறை மெல்லத் தடவிப் பாருங்கள். விரலில் செம்பொடி அப்பினால் அது நம் ஆவாரமாக இருக்கலாம். நூறு வருஷத்துக்குப் பின்னும் வளைந்து கொடுத்து, மணி கலையாமல் சிவந்திருந்தால், அட்டையில் மொராக்கோ என்று போட்டிருந்தாலும், கருவேலங்காயை நினைத்துக்கொள்ளுங்கள்.