மறுமொழி பெறாத காதல்: ‘ஷிராஸ்’ (1928) மௌனப்படத்தில் கைக்கிளை

முன்னுரை

இந்திய மௌனப்படக் காலத்தில் ஏறத்தாழ 1,300 படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் இன்று காணக் கிடைப்பவை மிகச் சிலவே. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ உட்படத் தென்னகத்து மௌனப்படங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. இந்நிலையில், ஹிமான்ஷு ராயின் முயற்சியால் உருவாகி, ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஓஸ்டனின் இயக்கத்தில் வெளிவந்த மூன்று காதற்படங்கள் எஞ்சியிருப்பது நற்பேறே எனலாம். ‘பிரேம் சன்யாஸ்’ (1925), ‘ஷிராஸ்’ (1928), ‘பிரபஞ்ச பாஷ்’ (1929) என்பன அவை. ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டுறவோடு தயாரிக்கப்பட்டமை இவற்றுக்கு அயல்நாட்டிலும் வாழ்வளித்தது.

அக்கூட்டுறவே இப்படங்களின் மீதான குற்றச்சாட்டுக்கும் காரணமாயிற்று. யானை, அரண்மனை, அந்தப்புரம், அடிமைச் சந்தை என மேலைநாட்டார் காண விரும்பிய இந்தியாவையே இவை காட்டின என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ‘பிரேம் சன்யாஸ்’ இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஐரோப்பியப் பயணிகளைக் கொண்டே தொடங்குகிறது. எனினும், இக்குற்றச்சாட்டோடு ஆய்வு நின்றுவிடுமாயின், ‘ஷிராஸ்’ படத்தின் மையத்திலுள்ள ஒரு தொழிலாளியின் காதல் நம் கண்ணுக்குப் புலப்படாமலே போய்விடும். அக்காதலைப் படம் எவ்வாறு உருவாக்குகிறது, இறுதியில் அதை யாரிடம் ஒப்படைக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் வரலாறும்

நிரஞ்சன் பாலின் நாடகத்தைத் தழுவிய இப்படம் தாஜ்மகாலின் தோற்றத்தைக் கற்பனையாகச் சொல்கிறது. தாக்குதலுக்குள்ளான வணிகக் கூட்டத்திலிருந்து தப்பிய பெண் குழந்தையை ஒரு குயவர் வளர்க்கிறார். செலிமா எனப் பெயர் பெறும் அவளும் குயவரின் மகன் ஷிராஸும் ஒன்றாக வளர்கின்றனர். செலிமா கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, இளவரசன் குர்ரமின் அரண்மனையை அடைகிறாள். ஷிராஸ் அவளைத் தேடிச் செல்கிறான். அவள் மனமோ இளவரசனை நாடுகிறது. அவள் மும்தாஜ் ஆகிறாள். அவன் ஷாஜகான் ஆகிறான். அவள் இறந்தபின், அவளுக்கான நினைவகத்தின் வடிவத்தைப் பார்வையிழந்த முதியவனான ஷிராஸே படைத்தளிக்கிறான்.

வரலாற்றில் மும்தாஜ், ஆசப் கானின் மகளான அர்ஜுமந்த் பானு. 1631ஆம் ஆண்டு புர்ஹான்பூரில் மறைந்தவர். தாஜ்மகாலின் தலைமைக் கட்டடக் கலைஞராக உஸ்தாத் அகமது லாஹோரியைக் குறிப்பிடுவது மரபு. குயவர் வீட்டுச் செலிமாவுக்கு வரலாற்றில் இடமில்லை. ஆயினும் இப்பிழைகளைப் பட்டியலிடுவது திறனாய்வாகாது. அரசனின் காதலுக்குச் சான்றாக நிற்கும் கட்டடத்துக்குள் ஒரு கைவினைஞனின் காதலை ஏன் நுழைக்க வேண்டியிருந்தது என்பதே கேட்கத்தக்க வினா.

கைக்கிளை நோக்கு

தமிழ் அகமரபின் துணைகொண்டு இவ்வினாவை அணுகலாம். வேற்றுச் சூழலில் பிறந்த படத்துக்குத் தொல்காப்பியக் கருத்தைப் பொருத்துவது மிகை எனச் சிலர் கருதக்கூடும். இங்கு அது சட்டகமன்று. ஓர் ஒளி மட்டுமே. கைக்கிளையைப் பற்றிப் பேசும் தொல்காப்பியர், மறுமொழி பெறாத ஒருவன் தானே பேசித் தானே இன்புறும் நிலையைச் சுட்டுகிறார். தலைவியின் இளமை குறித்து அவர் கூறுவது இப்படத்துக்குப் பொருந்தாது. மறுமொழியின்மை முற்றிலும் பொருந்துகிறது.

இதனினும் முக்கியமான ஒன்றுண்டு. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே வைத்துப் பாடப்படுவர் என்பது அகத்திணையியல் தரும் செய்தி. உரையாசிரியர்கள் அப்புறத்தைக் கைக்கிளை, பெருந்திணை என விளக்குவர். அதாவது, உழைப்பவனின் காதலுக்கு இலக்கணம் இடமளிக்கிறது. அவ்விடம் ஓரத்தில் இருக்கிறது. ‘ஷிராஸ்’ அந்த ஓரத்து மாந்தனைக் கதைத்தலைவனாக்கிப் படத்துக்கு அவன் பெயரையே சூட்டுகிறது. பிற்காலக் காதற்படங்கள் பலவற்றிலும் காணவியலாத துணிவு இது.

சொல்லற்ற மெய்ப்பாடு

மௌனப்படம் கைக்கிளைக்கு மிகவும் இயைந்த வடிவம். உரையாடல் இல்லாத திரையில் காதலைச் சொல்வதும் மறுப்பதும் மெய்ப்பாடுகளின் வழியே நிகழ வேண்டும். அரண்மனைக்கு வெளியே காத்துக் கிடக்கும் ஷிராஸுக்கு, ஹிமான்ஷு ராய் மிகையற்ற உடல்மொழியைத் தந்துள்ளார். யானையின் காலால் மிதிபட்டுச் சாகும் தண்டனைக்கு அவன் ஆளாகும் காட்சியில் படம் தன் பரபரப்பின் உச்சத்தை எட்டுகிறது. யானை மேலைநாட்டுப் பார்வையாளருக்கானது. அதன் காலடியில் கிடப்பவனின் முகம் எல்லார்க்கும் உரியது.

‘பிரபஞ்ச பாஷ்’ படத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கு முனிவரின் மகள் சுனிதாவை முன்னிட்டு இரு மன்னர்கள் சூதாடுகின்றனர். மகாபாரதத்தின் சாயல் கொண்ட அப்படம் காட்சிப் பெருமிதத்தில் ‘ஷிராஸை’ விஞ்சுகிறது. ஆனால், அங்குக் காதல் மன்னர்களுக்கே உரியது. தொழிலாளர் கூட்டமாக மட்டுமே வருகின்றனர்.

பறிக்கப்படும் கண்

இத்தகைய பாராட்டுக்குரிய படம் தன் முடிவில் தடுமாறுகிறது. இதற்கு நிகரான வேறொன்று உருவாகிவிடக் கூடாதென, வடிவமைத்தவனின் கண்களைப் பறிக்க ஆணையிடுகிறான் பேரரசன். அவனோ ஏற்கெனவே பார்வையற்றவன். தாஜ்மகாலைக் கட்டியோரின் கைகள் வெட்டப்பட்டன என்னும் ஆதாரமற்ற வழக்காற்றை நினைவூட்டும் இக்காட்சி, அதிகாரத்தின் கொடுமையை ஒரு கணம் அம்பலமாக்குகிறது. மறுகணமே படம் அக்கொடுமையை மறந்து, இரு முதியவர்களின் துயரையும் ஒன்றெனக் காட்டி அமைதி கொள்கிறது. ஆணையிட்டவனும் ஆணைக்குட்பட்டவனும் சமமாகிவிடுகின்றனர். கைக்கிளை, அரச காதலின் அடித்தளக் கல்லாகப் புதைகிறது.

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பார்வை பெற்ற பூக்காரப் பெண் தனக்கு உதவிய நாடோடியின் கையைத் தொட்டு அவனை அறிந்துகொள்கிறாள். அதன்பின் என்ன நிகழும் எனச் சாப்ளின் சொல்வதில்லை. ஏழையின் காதலுக்கு மறுமொழி வருமா என்னும் வினா பார்வையாளரிடமே விடப்படுகிறது. ‘ஷிராஸ்’ அவ்வினாவுக்குப் பளிங்கால் விடையளித்து மூடிவிடுகிறது.

முடிவுரை

பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் ‘ஷிராஸ்’ படத்தை மீட்டெடுத்து, அனுஷ்கா சங்கரின் இசையுடன் 2017இல் திரையிட்டது. நித்தின் சாஹ்னியின் இசையோடு ‘பிரபஞ்ச பாஷ்’ அதற்கு முன்பே புத்துயிர் பெற்றிருந்தது. இந்தியவியல் பயிலும் மாணவர்கள் இவ்விரண்டையும் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தோடு அடுத்தடுத்துக் காண்பது பயனளிக்கும். அவ்வாறு காண்கையில், கீழ்த்திசையியம் என்னும் ஒரே சொல்லால் ‘ஷிராஸை’ ஒதுக்குவதோ, காதற்காவியம் எனப் போற்றுவதோ போதாதென்பது புலனாகும். உழைப்பவனின் காதலை ஓரத்திலிருந்து நடுவே கொண்டுவந்தது அப்படத்தின் பெருமை. கட்டடம் எழுந்ததும் அவனை மீண்டும் ஓரத்துக்கே அனுப்பியது அதன் குறை. இரண்டையும் ஒருசேரக் காண்பதே நேரிய திறனாய்வாகும்.